லட்லோவுக்கு வருவோர் கேட்கும் கேள்விகள்

பர்மிங்காமில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் லண்டன், ஸ்ட்ராட்ஃபர்ட் எல்லாம் முடித்த பிறகு ஒரு நாள் மிச்சம் விழும். அந்த நாளில் அவர்களை லட்லோவுக்கு அழைத்துப் போய்விடுவது என் வழக்கம். புறப்படும் முன்பும் ரயிலிலும் அங்கே போன பிறகும் அவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்ததில் வந்தது இது.

லட்லோ எங்கே இருக்கிறது? நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே.

இங்கிலாந்தின் மேற்கில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது. மக்கள்தொகை பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டும். ஒரு மேட்டின் தலையில் கோட்டையும் தேவாலயமும். மேட்டை மேற்கிலும் தெற்கிலும் சுற்றிக்கொண்டு டீம் என்ற சிற்றாறு. இவ்வளவுதான் ஊர். ஆனால் இந்த ஊரில் ஏறத்தாழ 500 கட்டடங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. ஜன்னல் சட்டத்தை மாற்றுவதற்குக்கூட வீட்டுக்காரர் அனுமதி வாங்க வேண்டும்.

எப்படிப் போவது?

ரயிலில் போங்கள். ஷ்ரூஸ்பரிக்கும் ஹெரிஃபோர்டுக்கும் இடையே 1852இல் போட்ட பாதையில் இருக்கிறது. பர்மிங்காமிலிருந்து நேர் வண்டி கிடையாது, ஷ்ரூஸ்பரியில் மாற வேண்டும். அங்கிருந்து அரை மணி நேரம். லண்டனிலிருந்து வருவதென்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், ஒரே நாளில் போய்த் திரும்புவது அலைச்சல். ஷ்ரூஸ்பரியிலிருந்து வரும்போது ஜன்னல் ஓரம் உட்காருங்கள். கிரேவன் ஆர்ம்ஸ் நிலையத்தைத் தாண்டியதும் ஸ்டோக்சே மாளிகை வயல் நடுவே கண்ணில் பட்டு மறையும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எந்தக் கிழமை போகலாம்?

செவ்வாய் வேண்டாம். இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன். முதல்முறை என் மாமியாரை அழைத்துக்கொண்டு, "சந்தை ஊர், பாருங்கள்" என்று வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டு போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கோட்டை முன்சதுக்கத்தில் நான்கு புறாக்களும் ஒரு குப்பை வண்டியும் நின்றன. பொதுச் சந்தை திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் கூடும். வியாழனிலும் ஞாயிற்றிலும் பல வாரங்களில் பழம்பொருள் சந்தையோ விளைபொருள் சந்தையோ நடக்கும். செவ்வாய் ஓய்வு. மாமியார் அதை இன்றும் மறக்கவில்லை.

அது என்ன "சந்தை ஊர்"? எல்லா ஊரிலும்தானே சந்தை இருக்கிறது?

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் சந்தை கூட்டிவிட முடியாது. அது மன்னரோ நிலப்பிரபுவோ வழங்கும் உரிமை. உரிமை பெற்ற ஊருக்குச் சுங்கம் வரும், சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் அங்கேதான் வந்தாக வேண்டும்.

லட்லோவை நார்மன் பிரபுக்கள் கோட்டை வாசலில் திட்டமிட்டே அமைத்தார்கள். கோட்டை வாயிலில் நின்று கிழக்கே பாருங்கள். எதிரே சில குறுகிய சந்துகள் தெரியும். முதலில் அங்கே சந்துகளே இல்லை. கோட்டையிலிருந்து இப்போது பட்டர்கிராஸ் என்ற கட்டடம் நிற்கும் இடம்வரை ஒரே அகலமான சந்தைத் திடல். வியாபாரிகள் தினமும் கட்டி அவிழ்த்த கடைகள் நாளடைவில் நிரந்தரமாகிவிட்டன. தட்டி போய்ப் பலகை வந்தது. பலகை போய்ச் சுவர் வந்தது. மேலே மாடியும் ஏறியது. ஆக்கிரமிப்பு என்று இன்று நாம் சொல்வது சில நூறு ஆண்டுகள் கழித்துப் பாரம்பரியக் கட்டடம் ஆகிவிட்டது. அந்தச் சந்துகளில் இருவர் கைகோத்து நடந்தால் எதிரே வருபவர் ஒதுங்க வேண்டியிருக்கும்.

திடலில் மிஞ்சிய மேற்குப் பகுதிதான் இன்றைய சந்தை. விக்டோரியா காலத்தில் அதன் நடுவே செங்கல்லில் ஒரு நகர மன்றக் கட்டடம் எழுப்பினார்கள். 1986இல் இடித்துத் தள்ளினார்கள். என்னைக் கேட்டால் இடித்தது நல்லதுதான். திறந்த சதுக்கம் கிடைத்தது.

பாதி இடிந்த கோட்டைக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போக வேண்டுமா?

வேண்டும். கூரை இல்லாத அறைகள்தான், நாற்காலி மேசை எதுவும் இராது. ஆனால் அந்த அறைகளில் இருந்த பிள்ளைகளின் கதை தெரிந்து போனால் வெறும் சுவராகத் தோன்றாது.

கோட்டை 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் லேசி குடும்பம் தொடங்கியது. பின்னால் மார்டிமர்கள் வழியாக யார்க் கோமகன் ரிச்சர்டின் கைக்கு வந்தது. 1459 அக்டோபரில் மன்னர் படை ஆற்றுக்கு அக்கரையில் வந்து நிற்க, கோமகனின் ஆட்களில் ஒரு பகுதி கட்சி மாறிவிட்டது. அவர் இரவோடு இரவாகத் தப்பி ஓடினார். மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் லட்லோவிலேயே விட்டுவிட்டுத்தான் போனார். ஊர் சூறையாடப்பட்டது. அந்தப் பிள்ளைகளில் கடைசிப் பையனுக்கு அப்போது ஏழு வயது. அவன் பெயரும் ரிச்சர்ட்.

அவனுடைய அண்ணன் பிற்பாடு நான்காம் எட்வர்ட் மன்னராகி, தன் மூத்த மகனை வளர்க்க 1473இல் இதே கோட்டைக்கு அனுப்பினார். 1483 ஏப்ரலில் தந்தை இறந்த செய்தி வந்தபோது பையனுக்கு 12 வயது. முடிசூட லண்டனுக்குக் கிளம்பினான். வழியில் சித்தப்பா ரிச்சர்ட் அவனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பையன் முடிசூடவே இல்லை. லண்டன் கோபுரத்துக்குள் தம்பியோடு அடைக்கப்பட்டுக் காணாமல் போனான். சித்தப்பா மூன்றாம் ரிச்சர்ட் மன்னரானார்.

அடுத்தவர் இளவரசர் ஆர்தர். ஸ்பெயின் இளவரசி கேத்தரினை மணந்த சில வாரங்களில் இங்கே குடிவந்தார். 1502 ஏப்ரல் 2ஆம் தேதி காய்ச்சலில் போய்விட்டார். வயது 15. கைம்பெண்ணான கேத்தரினை அவருடைய தம்பி பிற்பாடு மணந்தார். அந்தத் தம்பிதான் எட்டாம் ஹென்றி. "அண்ணன் மனைவியை மணந்தது செல்லாது" என்று சொல்லி அவர் மணவிலக்குக் கேட்க, போப்பாண்டவர் மறுக்க, இங்கிலாந்தின் திருச்சபையே ரோமிலிருந்து பிரிந்தது. பாடப்புத்தகத்தில் நாம் படித்த அந்தப் பெரிய சண்டைக்கு வித்து விழுந்தது கூரையில்லாத இந்த அறைகளில்தான்.

ஏறத்தாழ 200 ஆண்டுகள் வேல்ஸையும் எல்லை மாவட்டங்களையும் இங்கிருந்த ஒரு மன்றம் ஆண்டது. 1634இல் மில்டன் எழுதிய இசை நாடகம் ஒன்று இங்குள்ள பெருங்கூடத்தில் அரங்கேறியது. 1689இல் மன்றத்தைக் கலைத்தார்கள். அதன் பிறகு கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. கூரையில் இருந்த ஈயத் தகடுகள் உரிந்து போயின. ஈயம் போனதும் மழை புகுந்தது. மழை புகுந்ததும் மரம் இற்றது.

உள்முற்றத்தில் வட்டமான கல் மண்டபம் ஒன்று தனியாக நிற்கும். 12ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம். வட்ட வடிவத்தில் கட்டிய நார்மன் ஆலயங்கள் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உள்ளே போய்ச் சுவரைச் சுற்றி ஓடும் குட்டிக் குட்டி வளைவுகளைக் கையால் தடவிப் பாருங்கள்.

கிளைவுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டாமே?

ஆற்காட்டு முற்றுகையின் ராபர்ட் கிளைவ் இந்த மாவட்டத்தில் பிறந்தவர். ஊர் லட்லோ அல்ல. வடக்கே மார்க்கெட் டிரேட்டன் அருகே. இந்தியாவில் சேர்த்த பணத்தில் லட்லோவுக்கு இரண்டு மைல் தள்ளி ஓக்லி பார்க் என்ற பண்ணை மாளிகையை வாங்கினார். ஆனால் லட்லோவில் நீங்கள் கவனிக்க வேண்டியவர் அவர் அல்ல, அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ்.

எட்வர்ட் 1774 முதல் 20 ஆண்டுகள் லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர். 1798இல் சென்னை ஆளுநராக வந்து 1803 வரை இருந்தார். அந்த ஐந்து ஆண்டுகளில் என்னவெல்லாம் நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் ஆற்காட்டு நவாபிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக் அவர் ஆளுகையில் இருந்த கர்நாடகப் பகுதி (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். எல்லாம் இவர் நாற்காலியில் இருந்தபோது நடந்தவை.

சென்னையில் ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைப்பதும் இவர் காலத்துக் கட்டடமே. விருந்து மண்டபமாக, 1802 வாக்கில் கட்டி முடித்தார்கள். அதன் முகப்பு முக்கோணங்களில் ஒன்று தந்தையின் பிளாசி வெற்றிக்கு, மற்றொன்று ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்கு. அண்ணா தொடங்கிக் கலைஞர் வரை நம் தலைவர்களின் உடலைப் பார்க்க ஜனம் வரிசையில் நின்றது அந்தப் படிக்கட்டுகளில்.

ஊர் திரும்பிய எட்வர்டுக்கு, மனைவி ஹென்றியெட்டாவின் குடும்பப் பட்டமான போவிஸ் பிரபு என்ற பட்டம் 1804இல் கிடைத்தது. 1811இல் லட்லோ கோட்டையை அரசிடமிருந்து விலைக்கு வாங்கினார். இன்றும் கோட்டை போவிஸ் எஸ்டேட்டின் அறங்காவலர்கள் வசம்தான் இருக்கிறது. இதையெல்லாம் டிக்கெட் கவுன்டர் முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது என் சித்தப்பா கேட்டார்: "அப்படியானால் நாம் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?" என்னிடம் பதில் இல்லை. நான்தான் டிக்கெட் எடுத்தேன்.

ஹென்றியெட்டா 1800இல் தன் இரண்டு மகள்களுடன் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர் வரை போய், திருச்சி, தஞ்சாவூர் வழியாகத் திரும்பினார். இளைய மகள் சார்லட் வழிநெடுக நாட்குறிப்பு எழுதினாள். பிற்காலத்தில் விக்டோரியா இளவரசிக்குப் பாடம் நடத்தியவர்களில் சார்லட்டும் ஒருவர். திப்புவின் பூப்போட்ட கூடாரமும் சிம்மாசனத்தில் இருந்த தங்கப் புலித்தலை ஒன்றும் வேல்ஸில் வெல்ஷ்பூல் அருகே போவிஸ் மாளிகையில் இருக்கின்றன. காரில் வந்தால் மறுநாள் அங்கே போய்விட்டுத் திரும்புங்கள். அந்தக் கூடாரத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தேவாலயத்தில் என்ன பார்ப்பது?

செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தின் கோபுரம் 157 அடி. 200 படி ஏறினால் வேல்ஸ் மலைகள் தெரியும். முழங்கால் வலி இருப்பவர்கள் கீழேயே இருக்கலாம், கீழே இருப்பதுதான் எனக்குப் பிடித்தது.

பாடகர் பகுதியில் வரிசையாக மடக்கு இருக்கைகள். நெடுநேரம் நின்று பாடும் துறவிகளும் குருமார்களும் நிற்பதுபோலவே சாய்ந்துகொள்வதற்காக, மடக்கிய பலகையின் அடியில் ஒரு சிறு விளிம்பு வைத்திருப்பார்கள். அந்த விளிம்புக்குக் கீழேதான் 15ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் விளையாடியிருக்கிறார்கள். ஒன்றில் ஒரு பேய், பியர் விற்கும் பெண்ணைத் தோளில் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு நரகத்தின் வாய்க்குள் எறியப் போகிறது. அவள் கையில் குவளை இன்னும் இருக்கிறது. அளவில் ஏமாற்றியதற்குத் தண்டனை. பக்கத்தில் இன்னொரு பேய் குற்றப்பட்டியலை வாசிக்கிறது. சந்தை ஊர் தன் கோவிலில் செதுக்கிவைத்த பாவம் இது: கொலை அல்ல, களவு அல்ல, அளவு குறைப்பு. நரி ஒன்று குருவின் உடையில் பிரசங்கம் செய்யும் இருக்கையும் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

வெளியே வடக்குப் பக்கம் கவிஞர் ஹவுஸ்மனின் அஸ்தியை 1936இல் புதைத்திருக்கிறார்கள். இந்த மாவட்டத்தை உலகறியச் செய்தவர். ஆனால் பக்கத்து மாவட்டக்காரர்.

வீடுகள் சாய்ந்து நிற்கின்றனவே, விழுந்துவிடாதா?

விழாது. பச்சை ஓக் மரத்தை வெட்டிய சூட்டில் சட்டம் கோத்துக் கட்டினார்கள். மரம் காயக் காயத் தன் போக்கில் முறுக்கிக்கொண்டது. காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, ஆணி இறங்காது. இந்த வகையில் மிக ஆடம்பரமானது 1619இல் கட்டிய ஃபெதர்ஸ். முகப்பில் தீக்கோழி இறகுகளைச் செதுக்கியிருப்பதால் அந்தப் பெயர். எதிர்ச் சாரியில் நின்று பார்த்தால்தான் முழுதாகத் தெரியும்.

ஆனால் அழகு என்றால் நான் பிராட் தெருவைச் சொல்வேன். மேலே 1740களின் பட்டர்கிராஸ், வெண்ணெய் விற்ற இடம். அங்கிருந்து தெரு சரிந்து ஆற்றை நோக்கி இறங்குகிறது. கீழ்க்கோடியில் பழைய மதிலின் பிராட் கேட் வாயில். மதிலில் இருந்த ஏழு வாயில்களில் கட்டடத்தோடு மிஞ்சியது இதுதான். வாயிலின் தலைமேல் ஒரு வீடு உட்கார்ந்திருக்கிறது, அடியில் கார்கள் நுழைந்து போகின்றன.

சாப்பாட்டுக்குப் பேர்போன ஊராமே? நாங்கள் சைவம்.

பேர்போனதுதான். 1995இலிருந்து செப்டம்பரில் கோட்டைக்குள் உணவுத் திருவிழா நடக்கிறது. இந்தச் சின்ன ஊரில் ஒரு காலத்தில் மிஷெலின் நட்சத்திர உணவகங்கள் மூன்று இருந்தன. ஆனால் ஊரின் பெருமை தொத்திறைச்சியும் பன்றியிறைச்சி வைத்துச் சுட்ட ஃபிட்ஜெட் பை (pie) என்ற மாவுப் பண்டமும். அசைவர்களுக்குக் கொண்டாட்டம்.

சைவர்களுக்கு ரொட்டிக் கடைகளும் பாலாடைக்கட்டிக் கடைகளும் இருக்கின்றன. பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்ப்பது உண்டு. கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். ஆரஞ்சு நிறத்தில் நீல நரம்போடிய ஷ்ராப்ஷயர் புளூ என்ற கட்டியைக் கண்டால் "உள்ளூர்ச் சரக்கு" என்று ஏமாற வேண்டாம். அதை முதலில் செய்தது ஸ்காட்லாந்தில். பெயர் மட்டும் இங்கிருந்து போயிருக்கிறது. ருசியில் குறையில்லை. பெரியவர்கள் கூட வந்தால் நான் புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடுவேன். டின்ஹம் பாலத்தடியில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம்.

புவியியல் படிக்கும் மகளுக்கு ஏதாவது இருக்கிறதா?

அவளுக்குத்தான் இந்த ஊர் அதிகம் வைத்திருக்கிறது. உலகப் புவியியலாளர்கள் காலத்தைப் பிரித்து வைத்திருக்கும் அட்டவணையில் "லட்லோ" ஒரு பெயர். 42 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிலூரியன் காலத்தின் ஒரு பகுதி அது. ஆஸ்திரேலியாவில் அந்த வயதுப் பாறை கிடைத்தாலும் அதற்கு இந்த ஊர்ப் பெயர்தான். 1830களில் ராடரிக் மர்ச்சிசன் இந்த வட்டாரப் பாறைகளை அடுக்கு அடுக்காக ஆராய்ந்ததன் விளைவு.

பிராட் தெருவில் நேரே இறங்கி லட்ஃபோர்ட் பாலம் தாண்டியதும், சாலை முனையில் பாறைச் சரிவு இருக்கும். அதன் அடிப்பகுதியில் இஞ்சி நிறத்தில் சில சென்டிமீட்டர் தடிப்பில் ஒரு கீற்று. பழங்கால மீன்களின் செதிலும் முள்ளும் நிறைந்த எலும்புப் படுகை அது. ஆராய்ச்சியாளர்கள் சுரண்டிச் சுரண்டி அந்த மட்டத்தில் குகைபோல ஒரு குழிவே விழுந்துவிட்டது. நிலத்தில் வாழ்ந்த மிகப் பழைய விலங்குகளில் சிலவற்றின் துண்டுகள் இங்கே கிடைத்ததாக 1990இல் அறிவித்தார்கள். பாதுகாக்கப்பட்ட இடம், சுத்தியலை ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். இந்தப் பாறை கடலடியில் படிந்தபோது இந்த நிலம் பூமத்தியரேகைக்குத் தெற்கே, வெப்பக் கடலில் கிடந்தது. ஜனவரிக் குளிரில் அங்கே நின்றுகொண்டு இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஊரைச் சுற்றி வேறு என்ன?

ஸ்டோக்சேதான் முதலில். லட்லோவின் கம்பளி வியாபாரி லாரன்ஸ் கட்டிய மாளிகை. மதில் எழுப்ப 1291இல் மன்னர் அனுமதி கொடுத்தார். 700 ஆண்டு கழித்தும் பெருங்கூடத்தின் மரக்கூரை அப்படியே நிற்கிறது. பிரெஞ்சுப் போருக்குப் பணம் தேடிய மன்னருக்காகக் கம்பளி ஏற்றுமதி வரியை ஏற்றுவதற்குத் துணைபோனவர் இந்த லாரன்ஸ். வரிச்சுமை கடைசியில் ஆடு வளர்ப்பவர் தலையில் விழுந்தது. வரி ஏறிய அதே 1294இல் லாரன்ஸ் கம்பளி ஏற்றிய கப்பலோடு கடலில் மூழ்கி இறந்தார். கம்பளிக்காரர்களுக்குச் செய்த பாவம் கம்பளியோடே போனது என்று அக்கால மடத்துத் துறவி ஒருவர் எழுதிவைத்தார்.

கிழக்கே டிட்டர்ஸ்டோன் கிளீ மலை, 533 மீட்டர். கார் இருந்தால் ஏறக்குறைய உச்சிவரை போகலாம். கருங்கல் உடைத்த ஆலைகளின் கான்கிரீட் எலும்புக்கூடுகள், அவற்றின் நடுவே மேயும் ஆடுகள், மேலே வெள்ளைப் பந்துபோல ரேடார். அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். மறக்க முடியாத இடம்.

டிசம்பரில் வந்தால் பக்கத்து டென்பரி வெல்ஸில் புல்லுருவி ஏலம் நடக்கும். நம் ஊரில் ஒருவரைப் புல்லுருவி என்றால் சண்டை வரும். இங்கே கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடக் கட்டுக்கட்டாக ஏலம் எடுக்கிறார்கள்.

வயதானவர்களால் நடக்க முடியுமா?

நிலையத்திலிருந்து ஊருக்குப் பத்து நிமிட ஏற்றம். மேடு ஏறிவிட்டால் சந்தை, தேவாலயம், கோட்டை எல்லாம் அருகருகே. பிராட் தெருவில் இறங்குவது சுலபம், திரும்ப ஏறும்போதுதான் தெரியும்.

எந்த மாதம் நல்லது?

மே அல்லது செப்டம்பர். மழைக்கோட்டு எல்லா மாதத்துக்கும்.

ஊர் முழுவதும் ஒரே படத்தில் வர எங்கே நிற்க வேண்டும்?

கோட்டைக்குப் பின்புறமாக டின்ஹம் பாலத்துக்கு இறங்கி, அக்கரையில் விட்கிளிஃப் மேட்டில் ஏறுங்கள். பாதையில் ஒரு பகுதிக்கு ரொட்டி நடை என்று பெயர். அதைப் போட்ட கூலியாட்கள் காசைக் குடித்துவிடக் கூடாது என்று ரொட்டியாகக் கூலி கொடுத்தார்கள் என்பது ஊர்க் கதை. மேலே பெஞ்சுகள் இருக்கின்றன. காலையில் போனால் வெயில் கண்ணில் அடிக்கும். மாலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து கோட்டைச் சுவரில் விழும். பின்னால் தேவாலயக் கோபுரம், அதற்கும் பின்னால் கிளீ மலையின் கல்லுடைத்த விளிம்பு. அங்கிருந்து நிலையத்துக்கு நடக்க அரை மணி நேரமாவது வேண்டும், ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.